இருநூறுக்கு நாலு குறைச்சல்

ஆனைப்பொத்தை என்கிற பாறைக்குன்றில் எண் வாங்க வருகிறவர் தன் கையாலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். பித்தளைப் பானை நிறைய மஞ்சாடி விதை இருக்கும். கையை விட்டு அள்ளி, பாறையில் கொட்டி, எண்ணிப் பார்க்க வேண்டும். எத்தனை வருகிறதோ அதுதான் அவருடைய எண். இது வேண்டாம், வேறு அள்ளுகிறேன் என்று பேரம் பேச முடியாது. பிள்ளை மாதிரிதான், பிறந்தது பிறந்தது.

பிறகு செய்ய வேண்டியது எளிது. எண்ணைத் திருப்பிப் போட்டு அதனோடு கூட்ட வேண்டும். 56 வந்தவர் 65-ஐக் கூட்டுவார். 121. இந்தப் பக்கமிருந்து படித்தாலும் அந்தப் பக்கமிருந்து படித்தாலும் 121. எண் மூடிக்கொண்டது என்பார்கள், மணி அடிப்பார்கள். அதன்பின் அவர் அங்கே இருந்து கணக்குப் படிக்கலாம், இறங்கியும் போகலாம். மூடாவிட்டால் வந்த விடையைத் திருப்பி மறுபடியும் கூட்ட வேண்டும், மூடுகிற வரைக்கும். முக்கால்வாசிப் பேருக்கு உலை அரிசி வேகுமுன் மூடிவிடும்.

மூடாதவர்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. தன் எண்ணைப் பிறரிடம் சொல்லக் கூடாது, பிறர் எண்ணைக் கேட்கவும் கூடாது என்று அங்கே ஒரு வழக்கம். கூடவே ஒரு கிசுகிசுப்பும் இருந்தது. எண் மூடாமல் பொத்தையை விட்டு இறங்கினால் அவர் வீட்டில் ஒரு ஆள் குறையும். யார் கிளப்பிவிட்டதோ தெரியாது. இந்த மாதிரி விஷயத்துக்கு அப்பன் பேர் யாருக்கும் தெரிவதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

கொம்பையா அங்கே எண் வாங்க வந்தபோது அறுபது வயதைத் தாண்டியிருந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். ஞானம் தேடி வரவில்லை, மகனைத் தேடி வந்தார். கணக்குப் படிக்கிறேன் என்று மேலே போன பலவேசம் வருஷங்கள் ஆகியும் இறங்கவில்லை. பாதி வழியில் இருக்கும் சுனைக்கு மேலே போக எண் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. அடிவாரத்துச் சந்தையில் வெற்றிலை விற்கும் அவர் மனைவி முத்துப்பேச்சி ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினாள்: அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் நீங்களும் அங்கேயே இருந்துகொள்ளுங்கள்.

அங்கே ஆசிரியையாக இருந்தவள் செங்கமலத்தம்மை. கொம்பையாவின் மகள் வயதுதான் இருக்கும். கணக்கும் அவளே சொல்லிக்கொடுப்பாள், சோறும் அவளே பொங்குவாள். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், எதற்கும் சட்டென்று சிரிப்பு. குரு என்றால் தாடியும் மௌனமும் இருக்கும் என்று நினைத்து வந்தவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். காலையில் கையில் கரித்துண்டோடு சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறை மறைவுக்குப் போவாள். விரலெல்லாம் கரியாகத் திரும்பி வந்து, கை கழுவி, அடுப்பு மூட்டுவாள். கரியால் பல் துலக்குகிறாள் என்று கொம்பையா எண்ணிக்கொண்டார்.

அவர் கைக்கு 89 வந்தது.

முதலில் பயமில்லை. 89-ம் 98-ம் 187. திருப்பிக் கூட்டினால் 968. மறுபடி 1837. மறுபடி 9218. எண் மூடுகிற வழியாக இல்லை, வீங்கிக்கொண்டே போனது. பக்கத்தில் எண் வாங்கியவர்களுக்கெல்லாம் மணி அடித்து, அவர்கள் சாப்பிட்டு, தூங்கியும் எழுந்துவிட்டார்கள். கொம்பையா பாறையில் கரியால் எழுதிக்கொண்டேயிருந்தார். ஐந்து இலக்கம் ஆறாகி, ஆறு ஏழானது. தன் குடும்பத்துக்கே மூடாத எண்தான் எழுதியிருக்கிறதோ என்று நினைத்தார். முத்துப்பேச்சியின் முகம் கண்ணில் வந்து வந்து போனது.

செங்கமலத்தம்மை அந்த வழியாக வந்தவள், எண்ணைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்த்தாள். பிழை வருமோ என்று பயமா என்று கேட்டாள். ஆமென்றார். அவள் அவருக்குக் காவல்காரனைச் சொல்லிக்கொடுத்தாள். காவல்காரன் என்பது பதினொன்று. ஓர் எண்ணின் இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு கூறாக்கிக் கூட்ட வேண்டும். இரண்டு கூறும் சமமாக இருந்தாலோ, வித்தியாசம் பதினொன்றாகவோ அதன் மடங்காகவோ இருந்தாலோ, அந்த எண் பதினொன்றால் மீதியில்லாமல் வகுபடும். திருப்பிக் கூட்டிக்கொண்டே போகும்போது ஒருமுறை பதினொன்று உள்ளே வந்துவிட்டால் பிறகு வெளியே போகாது. காவல்காரன் இல்லாத வரி வந்தால் கூட்டலில் எங்கேயோ கை தவறியிருக்கிறது என்று பொருள்.

கொம்பையா 187-ஐப் பார்த்தார். ஒன்றும் ஏழும் எட்டு. நடுவிலும் எட்டு. முதல் கூட்டலிலேயே காவல்காரன் வந்து உட்கார்ந்துவிட்டான். கொஞ்சம் தைரியம் வந்தது.

அவர் எண் மூடியபோது அவரால் நம்ப முடியவில்லை. 8813200023188. எட்டு லட்சத்து எண்பத்தோராயிரத்து முந்நூற்று இருபது கோடியே இருபத்து மூவாயிரத்து நூற்று எண்பத்தெட்டு. நடுவில் மூன்று சைபர், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. காவல்காரனைக் கேட்டார். இந்தக் கூறு இருபத்திரண்டு, அந்தக் கூறும் இருபத்திரண்டு. மணி அடித்தார்கள். கொம்பையா உட்கார்ந்த இடத்திலேயே அழுதுவிட்டார். அழுது முடித்ததும் எழுந்து மகனைத் தேடி மேலே போனார்.

சுனையைத் தாண்டி ஒரு குகைக்குள் நுழைந்தார். தரையிலிருந்து கை எட்டுகிற உயரம் வரை சுவர் முழுக்க இலக்கங்கள். வாசல் பக்கம் ஒரு சின்ன வரி: 196. அதற்குக் கீழே 887. பிறகு 1675, 7436, 13783. அதன் பிறகு வரிகள் நீண்டுகொண்டே போய், கடைசி வரி ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுவரைச் சுற்றி வந்திருந்தது. அதன் முனையில் பலவேசம் குந்தியிருந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். அப்பாவைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. முதலில் சுவரை மறைக்கத்தான் கையை விரித்தான்.

"பாக்காதீங்கய்யா. பாக்கக் கூடாது."

"நான் ஒன் அப்பன்லே."

தட்டில் சோறு அப்படியே காய்ந்து கிடந்தது. ஒரு தடவை வயிறார உண்ட மயக்கத்தில், கையில் வைத்த ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டானாம். பின்னால் எத்தனையோ வரி போன பிறகுதான் அது தெரிந்தது. எல்லாவற்றையும் அழித்து மறுபடி கூட்டினான். அதிலிருந்து சோற்றைக் கண்டால் பயம். இப்போதெல்லாம் ஒவ்வொரு வரியையும் பலமுறை சரிபார்த்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போகிறான்.

ஆத்தா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள், இறங்கி வா என்று கொம்பையா கெஞ்சினார். பலவேசம் தலையைத் தூக்கவில்லை.

"ஆத்தாவுக்காகத்தான்யா இறங்கலை."

கொம்பையாவும் அந்தக் கிசுகிசுப்பைக் கேட்டவர்தான், நம்பியவரும்தான். இவன் இறங்கினால் அவள் போய்விடுவாள். இறங்காவிட்டால் இவன் போய்விடுவான். யார் பக்கம் நின்று யாரைக் கூப்பிடுவது?

நேராக செங்கமலத்தம்மையிடம் போனார். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வீட்டில் ஆள் குறையுமா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கேட்டால் பலித்துவிடுமோ என்று பயம். மகனின் எண்ணையும் சொல்லக் கூடாது. அதனால் சுற்றி வளைத்துக் கேட்டார்.

"மூடாத எண்ணுன்னு ஒண்ணு உண்டாம்மா?"

"மூடாத எண்ணை நான் பாத்ததில்லை, பெரியவரே. இன்னும் மூடாத எண்ணைத்தான் பாத்திருக்கேன்."

"அப்போ என்னைக்காவது மூடிரும்."

"அப்படியும் நான் சொல்லலையே."

"ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கும் தெரியாது."

இதைச் சொல்லிவிட்டு, கீரையில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கிவிட்டாள். கொம்பையாவுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. தெரியாது என்று சொல்வதற்கு ஒரு குரு, அதற்கு ஒரு பொத்தை, அதற்கு ஒரு மணி. அடிவாரத்தில் கழுதை மேய்க்கிறவனைக் கேட்டாலும் அதைத்தானே சொல்லுவான்?

அந்த ஆத்திரத்தில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. காவல்காரனை மனதுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இலக்கங்கள் இரட்டைப்படையாக இருந்து, எண்ணும் மூடியிருந்தால், ஒவ்வொரு இலக்கத்துக்கும் எதிர்ப்பக்கம் ஒரு ஜோடி இருக்கும். ஜோடியில் ஒன்று இந்தக் கூறில் விழும், மற்றது அந்தக் கூறில் விழும். எப்படிப் போட்டாலும் சமம்தான். மறுநாள் எதுவும் தெரியாதவர் போல அவளிடமே போய், அப்படிப்பட்ட எண்ணில் பிழை இருந்தால் காவல்காரன் பிடிப்பானா என்று கேட்டார்.

"பிடிக்கமாட்டான். இரட்டைப்படையில மூடினது எதுவானாலும் பதினொண்ணு வகுத்துரும். நாம மனசு போல எழுதினாக்கூட தலையாட்டிட்டுத் தூங்கப் போயிருவான்." அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "நல்லா யோசிக்கீங்க, பெரியவரே."

அந்தப் பாராட்டு முள் மாதிரி குத்தியது. ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை.

உச்சிவேளையில் பலவேசம் சுனைக்குத் தண்ணீர் எடுக்கப் போவான். தெம்பில்லாததால் போய்வர வெகுநேரம் ஆகும். அந்த நேரம் பார்த்து கொம்பையா ஈரத்துணியும் கரித்துண்டுமாகக் குகைக்குள் போனார். கடைசி வரியின் இலக்கங்களை எண்ணினார். இரட்டைப்படைதான். தெய்வமே வழிவிடுகிறது என்று தோன்றியது. அது தெய்வம்தானா என்ற பயமும் சேர்ந்தே வந்தது. பின்பாதியைத் துடைத்தார். முன்பாதியை ஒவ்வொன்றாகத் திருப்பி எழுதினார். மகனின் எழுத்துப் போலவே எழுத வேண்டும். அவன் எட்டுப் போடும்போது மேல்சுழி சிறுத்திருக்கும். அரிச்சுவடிக் காலத்திலிருந்தே அப்படித்தான். அந்தச் சுழியை அவர் மெல்லச் சிறுக்கிப் போட்டார். மகனின் வருஷங்களைத் துடைக்கிறேனா, மகனைக் காப்பாற்றுகிறேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். வெளியே கல் உருளும் சத்தம் கேட்டது. துணியை மடியில் செருகிக்கொண்டு வெளியேறினார்.

பிற்பகல் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். மகன் கத்துவான், ஓடிவருவான், மணி அடிக்கும் என்று நினைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் மெல்லப் போய் எட்டிப் பார்த்தார். பலவேசம் கடைசி வரிக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அய்யா, மூடிட்டு."

"பொறவு என்னலே? எந்திரி."

"காவல்காரன் சரிங்கான். ஆனா இதை எப்பம் எழுதினேன்னு நெனவு வரலை. திரும்பக் கூட்டிப் பாக்கப் பயமா இருக்கு."

வரிக்கு வரி பலமுறை சரிபார்க்கிறவன், இந்த ஒரு வரியை மட்டும் தொடவில்லை. சரியாக இருந்துவிட்டால் நல்லது. தப்பாக இருந்துவிட்டால் என்ன ஆவான் என்று அவனுக்கே தெரியவில்லை. கொம்பையாவுக்கு அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லிவிடலாமா என்றிருந்தது. சொல்லவில்லை.

ராத்திரி முழுக்க அவன் அப்படியே இருந்தான். விடிந்ததும், செங்கமலத்தம்மையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர்கள் பார்த்துச் சொன்னால் போதும் என்றான். எண்ணுக்கு உரியவனே பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டால் வழக்கம் குறுக்கே நிற்காது.

அன்று சந்தை நாள். செங்கமலத்தம்மை கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தாள். செய்தி கேட்டதும் கூடையோடேயே குகைக்கு வந்தாள். கொம்பையா வாசலில் நின்றுகொண்டார்.

அவள் கடைசி வரிக்குப் போகவில்லை. வாசல் பக்கத்துச் சின்ன வரியிலிருந்து தொடங்கினாள். 196 என்பதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே வந்தாள். 887-இல் அவள் கண் நின்றது.

கூடையைக் கீழே வைத்தாள். எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும் முகம் வெளுத்துப்போயிருந்தது. கொம்பையா அதைப் பார்த்தார். பிடிபட்டுவிட்டோம் என்று நினைத்தார்.

"ஒன் எண்ணு இருநூறுக்கு நாலு குறைச்சலா?"

"ஆமாம்மா."

அவள் விரலை 887-இன் மேல் வைத்தாள். பிறகு சுவரோடு சுவராக நடந்தாள். புதிதாகப் படிக்கிறவள் நடை அல்ல அது. தான் பிறந்த தெருவில் நடக்கிறவள் போல, அங்கங்கே நின்று, தலையசைத்து, சில இடங்களில் வேகமாகவும் போனாள். அவன் துடைத்துத் திருத்தியிருந்த ஓரிடத்தில் நின்று, இங்கே நானும் தவறினேன் என்றாள். பலவேசத்துக்கு அது புரியவில்லை. கடைசி வரிக்கு வந்தாள். இடமிருந்து வலமாகப் பார்த்தாள். வலமிருந்து இடமாகவும் பார்த்தாள்.

"இந்த இடத்துல மூடாது."

"காவல்காரன் சரின்னு—"

"அவன் சொல்லுவான். இந்த இடத்தைத் தாண்டி நான் போயி ரொம்ப காலம் ஆச்சு."

செங்கமலத்தம்மை கொம்பையாவின் பக்கம் திரும்பி, அவர் மடியிலிருந்து எட்டிப் பார்த்த நேற்றைய கரித்துணியைப் பார்த்தாள். அவர் தாங்க முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"நான்தாம்லே அழிச்சேன். நீ செத்துருவேன்னு பயந்துட்டேன்."

பலவேசம் அப்பாவைப் பார்த்தான். கோபப்படுவான் என்று கொம்பையா காத்திருந்தார். அவன் அவர் கையைப் பிடித்து, விரலில் இன்னும் ஒட்டியிருந்த கரியைத் தன் வேட்டி முனையால் துடைத்தான். பிறகு செங்கமலத்தம்மையிடம் திரும்பினான்.

"ஒங்களுக்கு எப்படிம்மா இந்த எண்ணு தெரியும்?"

அவள் தன் எண்ணைச் சொன்னாள். பொத்தையில் அதுவரை யாரும் செய்யாத காரியம் அது. 295. இரண்டு கையையும் சேர்த்து அள்ளிவிட்டாளாம், சின்ன வயதின் பேராசை. 295-ஐத் திருப்பினால் 592. இரண்டும் சேர்ந்தால் 887. 196-ம் 691-ம் சேர்ந்தாலும் அதே 887. இரண்டு பேரும் வெவ்வேறு வாசலில் இறங்கி, முதல் அடியிலேயே ஒரே பாதைக்கு வந்துவிட்டார்கள். எண்ணைச் சொல்லக் கூடாது என்ற வழக்கத்தால் ஒருவருக்கொருவர் தெரியாமலே போய்விட்டது.

பலவேசம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அவள் முன்னால் போனவள். மூடிய இடம் எதுவென்று அவளுக்குத் தெரிந்திருக்கும். மணி அடிக்காமலா அவளை ஆசிரியையாக உட்காரவைத்திருப்பார்கள்?

"ஒங்களுக்கு எந்த இடத்துலம்மா மூடிச்சு?"

செங்கமலத்தம்மை குனிந்து கூடையை எடுத்தாள். அவள் விரல்களைக் கொம்பையா பார்த்தார். இன்று அவற்றில் கரி இல்லை. பாறை மறைவில் அவள் காலைதோறும் துலக்கியது பல் அல்ல என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அவள் கூடையைப் பலவேசத்திடம் நீட்டினாள்.

"இன்னைக்கு இன்னும் கூட்டலை. சந்தைக்குப் போயிட்டு வந்துதான் கூட்டணும். மூடாத எண்ணோடதான் வாராவாரம் இறங்கி ஒன் ஆத்தாகிட்ட வெத்திலை வாங்குதேன். இன்னைக்குக் கூடை தூக்க நீ வா."